ரானெட்ஸ் ரானி ஸ்பெக்டர்: குரல், குழு, வழக்கு பற்றிப் பேசுவோம்

ஒலிநாடா எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அறுபதுகளின் அமெரிக்கப் பெண்கள் பாட்டுக் குழுக்கள் என்றால் நாம் சுப்ரீம்ஸ், மோட்டவுன் என்று பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ரானெட்ஸ் குழுவுக்குத் தனியாக ஓர் இழை இல்லாதது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தக் குழுவின் முன்னணிப் பாடகி ரானி ஸ்பெக்டர் 2022 ஜனவரி 12 அன்று 78 வயதில் புற்றுநோயால் இறந்தார். அப்போது வந்த அஞ்சலிக் கட்டுரைகள் பலவற்றில் பெரும்பகுதி இடம் அவருடைய முன்னாள் கணவரும் தயாரிப்பாளருமான ஃபில் ஸ்பெக்டருக்குப் போனது. பூட்டிய மாளிகை, முள்கம்பி, காவல் நாய்கள். அதெல்லாம் பேசப்பட வேண்டியதுதான். ஆனால் பாட்டைப் பற்றி யார் பேசுவது? என் கட்சி இதுதான்: ரானெட்ஸ் இசைத்தட்டுகள் இன்றும் உயிரோடு இருப்பதற்கு முதல் காரணம் ரானியின் குரல். மற்றதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

புதிதாக வருபவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. ரானியின் இயற்பெயர் வெரோனிகா இவெட் பென்னட், 1943 ஆகஸ்ட் 10 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். அம்மா கறுப்பின, செரோக்கி வம்சாவளி. அப்பா ஐரிஷ் வழி வெள்ளையர். அக்கா எஸ்டெல், ஒன்றுவிட்ட தங்கை நெட்ரா டாலி, இவர்களும் ரானியும் சேர்ந்ததுதான் ரானெட்ஸ். வார இறுதியானால் ஸ்பானிஷ் ஹார்லெமில் இருந்த பாட்டி வீட்டில் மொத்தக் குடும்பமும் கூடும்; பிள்ளைகள் ஆளுக்கொரு பாட்டுப் பாடியாக வேண்டும். அங்கே தொடங்கியது எல்லாம்.

சிறு வயதில் ஹார்லெமின் அப்போலோ தியேட்டர் மேடையில் நடந்ததை ரானி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். முன்னணிப் பாடகராக நிற்க வேண்டியவன் உறவுக்காரப் பையன் ஐரா. வாத்தியக்காரர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள், பையன் வாயைத் திறந்தான், சத்தமே வரவில்லை. பொல்லாத கூட்டம் அது, பிடிக்காவிட்டால் கத்தியே விரட்டிவிடும். ரானி மைக்கைப் பிடித்து, தன் ஆதர்சமான ஃபிராங்கி லைமனின் பாட்டை உரத்துப் பாடினார். அந்தக் கணத்தில் குழுவின் முன்னணிப் பாடகி யார் என்பது முடிவாகிவிட்டது. ஃபில் ஸ்பெக்டர் என்ற பெயரே அப்போது அந்த வீட்டுக்குத் தெரியாது.

உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

பழைய_ரேடியோ எழுதியது:

நல்ல இழை, நன்றி. ஆனால் உங்கள் கட்சியில் எனக்கு உடன்பாடில்லை, ஒலிநாடா.

1961ல் இந்த மூன்று பேரும் கோல்பிக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் ஒப்பந்தமானார்கள். அப்போது பெயர் ரானி அண்ட் தி ரிலேட்டிவ்ஸ். பல தட்டுகள் வந்தன. ஒன்றும் ஓடவில்லை. அதே ரானி, அதே குரல். 1963ல் ஸ்பெக்டரின் ஃபில்லிஸ் நிறுவனத்துக்கு வந்தார்கள். அந்த ஆகஸ்டில் 'பி மை பேபி' வெளியானது. அக்டோபரில் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம். நடுவில் மாறியது என்ன? தயாரிப்பாளர்தானே?

லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த கோல்ட் ஸ்டார் ஸ்டூடியோ பெரிய இடமே இல்லை. அதற்குள் பல கிடார், பல பியானோ, தாள வாத்தியம், ஊதுகுழல் என்று ஆட்களை அடைத்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் வாசிக்க வைத்து, அந்த ஒலியை எதிரொலி அறைக்குள் அனுப்பித் திரும்பப் பிடித்தார்கள். இசை ஒழுங்கமைப்பு ஜாக் நிட்சே, ஒலிப்பதிவு லாரி லெவின். பாட்டை எழுதியவர்கள் ஜெஃப் பேரியும் எல்லி கிரீன்விச்சும் ஸ்பெக்டரும். இவ்வளவு பேர் உழைப்பு அதில் இருக்கிறது. ஸ்பெக்டர் கொடியவர், 2003ல் நடிகை லானா கிளார்க்சனைக் கொன்ற வழக்கில் 2009ல் தண்டனை பெற்று, 2021ல் சிறைவாசத்திலேயே இறந்தவர். அதற்காக அவர் செய்த வேலை இல்லையென்று ஆகிவிடாது.

டிரம்ஸ்_தாசன் எழுதியது:

தாளக்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. அந்தப் பாட்டின் தொடக்கத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஹால் பிளேன் வாசித்தது. தும்... தும்-தும்... டக். முதல் மூன்று அடி பேஸ் டிரம்மில், நான்காவது ஸ்னேர் டிரம்மில். வேறு ஒரு வாத்தியமும் இல்லை, எதிரொலி மட்டும் பின்னால் நிற்கிறது. ராக் இசையில் இவ்வளவு பேர் எடுத்தாண்ட தாளத் தொடக்கம் வேறு இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது இந்தப் பாட்டு வானொலியில் வந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டார். அதற்குப் பதில் பாட்டாக 'டோன்ட் வொரி பேபி'யை எழுதி ரானெட்ஸ் பாட வேண்டும் என்று விரும்பினார். ஸ்பெக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. 1964ல் பீச் பாய்ஸே பாடி வெளியிட்டார்கள்.

ஆனால் ஒலிநாடா பக்கம் ஒரு நியாயம் உண்டு. இவ்வளவு இரைச்சலான ஒலிப்பதிவில் சாதாரணக் குரல் என்றால் மூழ்கிப் போயிருக்கும். ரானியின் குரல் அத்தனையையும் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. மூக்கோடு சேர்ந்த கூர்மை, வாக்கியம் முடியும் இடத்தில் வேகமாக நடுங்கும் வைப்ராட்டோ, அப்புறம் அந்த 'வோ-ஓ-ஓ-ஓ'. அதை எந்த எதிரொலி அறையும் உண்டாக்கித் தராது.

குறிஞ்சி எழுதியது:

பழைய_ரேடியோ சாருக்கு ஒரே ஒரு கேள்வி. மேடையில் எதிரொலி அறை ஏது?

கோல்பிக்ஸ் தட்டுகள் ஓடாததற்குப் பாடல் தேர்வு ஒரு காரணம். அங்கே இவர்களை நல்ல பிள்ளைகளாகப் பாட வைத்தார்கள். ஆனால் அதே 1961ல் மன்ஹாட்டனின் பெப்பர்மின்ட் லவுஞ்சில் என்ன நடந்தது? டுவிஸ்ட் நடனம் ஊரையே ஆட்டிக்கொண்டிருந்த நேரம். மூன்று பெண்களும் ஒரே மாதிரி உடுத்தி, முடியை உயர்த்திக் கட்டி வாசலில் நின்றார்கள். வர வேண்டிய நடனப் பெண்கள் இவர்கள்தான் என்று நினைத்து மேலாளர் உள்ளே விட்டுவிட்டார். ரானி ரே சார்ல்ஸ் பாட்டைப் பாடினார், அங்கேயே வேலை கிடைத்தது. அதன் பிறகு புரூக்ளின் ஃபாக்ஸ் தியேட்டரில் வானொலி அறிவிப்பாளர் மரே தி கே நடத்திய மேடை நிகழ்ச்சிகள். கையில் ஒரு ஹிட் பாட்டுகூட இல்லாமலேயே கூட்டத்தைக் கட்டிப்போட்டவர்கள் இவர்கள்.

1964 ஜனவரியில் இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் போனார்கள். தலைமை நிகழ்ச்சி ரானெட்ஸ். அவர்களுக்கு முன்னால் பாடிய குழுக்களில் ஒன்று ரோலிங் ஸ்டோன்ஸ். அந்த மேடைகளில் கோல்ட் ஸ்டாரின் வாத்தியப் படை கிடையாது. சின்ன வாத்தியக் குழுவை வைத்துக்கொண்டுதான் ஊர் ஊராகப் பாடினார்கள், கூட்டம் வந்தது. ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் அந்தக் குரலை மறக்கவே இல்லை. 2007ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் ரானெட்ஸைச் சேர்த்தபோது அறிமுக உரை ஆற்றியவர் அவர்தான்.

தோற்றத்துக்கும் பெருமை தயாரிப்பாளருக்குப் போகக் கூடாது. மற்றக் குழுக்கள் நீண்ட கவுனும் கையுறையுமாக நின்றபோது, இவர்கள் பக்கம் பிளந்த இறுக்கமான உடை, கண்ணில் தடித்த மை, வானுயரக் கொண்டை என்று வந்தார்கள். தெருவில் பார்த்த ஸ்பானிஷ் ஹார்லெம் பெண்களின் கோலம் அது. ஸ்பெக்டரைச் சந்திப்பதற்கு முன்பே அது முழுமையாகிவிட்டது.

பழைய_ரேடியோ எழுதியது:

மேடைக் கணக்கு வலுவான வாதம், குறிஞ்சி. ஆனால் நாம் பேசுவது இசைத்தட்டுகளைப் பற்றி. 'பி மை பேபி'க்காக ரானி குரல் பதிவு செய்யப் பல நாள் ஆனது. எதிரொலி நன்றாக இருந்ததால் கோல்ட் ஸ்டாரின் பெண்கள் கழிவறையில் நின்று ஒத்திகை பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவரை அந்த அளவுக்கு வேலை வாங்கியது யார்? அவரிடமிருந்து அதை வெளியே கொண்டுவரும் ஆள் தேவைப்பட்டது என்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. குரல்தான் எல்லாம் என்று நீங்கள் சொன்னால், எஸ்டெல், நெட்ரா நிலைமை என்ன? அந்தத் தட்டில் அவர்கள் இருவரும் பாடவே இல்லை. பின்னணியில் பாடியவர்கள் வேறு ஆட்கள். சானி போனோவும், அப்போது யாருக்கும் தெரியாதவராக இருந்த பாடகி ஷேரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. மூன்று பேர் பெயரில் வந்த தட்டில் ஒருவர் குரல்தான் இருக்கிறது.

நெய்தல் எழுதியது:

அவர்களைப் பற்றிப் பேச்சு எடுத்ததற்கு நன்றி, பழைய_ரேடியோ. நான் எழுத வந்ததே எஸ்டெலுக்காகத்தான்.

குழுவை முதலில் உடைத்தது பெயர்தான். 1964ல் வந்த ஒரே ஆல்பத்தின் தலைப்பைப் பாருங்கள், 'வெரோனிகா பங்கேற்கும்' என்று தனியாகப் போட்டிருக்கும். அதே ஆண்டு 'வெரோனிகா' என்ற பெயரில் மட்டும் தட்டுகளும் வந்தன. ஒரே குடும்பத்துப் பெண்கள். பாட்டி வீட்டில் ஒன்றாகப் பாடி வளர்ந்தவர்கள். முன்னால் நிற்பவளுக்கு ஒரு கூலி, பக்கத்தில் நிற்பவர்களுக்கு வேறு கூலி என்று வெளியாள் வந்து பிரித்துவைத்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? எனக்கு ரானி மீது கோபமில்லை. அவர் கேட்டு வாங்கிய இடமில்லை அது.

எஸ்டெல் நியூயார்க்கின் ஃபேஷன் இன்ஸ்டிடியூட்டில் படித்தவர், மேசிஸ் கடையில் வேலை பார்த்தவர். குறிஞ்சி சொன்ன அந்தக் கொண்டைக்கும் கண்மைக்கும் பின்னால் அவர் கண் இருந்தது. குழு கலைந்த பிறகு அவர் வாழ்க்கை மிகவும் கடினமாகிவிட்டது. உணவை ஏற்காத நோய், மனநோய், சில காலம் இருக்க வீடுகூட இல்லாத நிலைமை. 2007 விழாவுக்கு வந்தார். மேடையேறி ஓரிரு வார்த்தை பேசினார். பாட்டு நேரத்தில் அவர் இடத்தில் வேறொருவர் நின்று பாடினார். 2009 பிப்ரவரியில் 67 வயதில் இறந்தார்.

நெட்ராவின் கதை வேறு. 1967ல் வானொலி அறிவிப்பாளர் ஸ்காட் ராஸை மணந்து கிறிஸ்தவ ஊழியத்துக்குப் போனார், 1978ல் பக்திப் பாடல் ஆல்பம் ஒன்றும் வெளியிட்டார்.  

முன்னணிப் பாடகியைப் பற்றி எழுதும்போது பக்கத்தில் நின்றவர்களின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இசை_மாணவன் எழுதியது:

அண்ணன், அக்கா எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இந்தக் குழு புதுசு. ஒரு சந்தேகம். 1964ல் உச்சத்தில் இருந்தவர்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் காணாமல் போனார்கள்? பீட்டில்ஸ் வந்ததால்தானா?

குறிஞ்சி எழுதியது:

தம்பி, பீட்டில்ஸ் வந்ததால் பல பெண்கள் குழுக்கள் அடிபட்டது உண்மை. ஆனால் ரானெட்ஸுக்கு அவர்கள் நண்பர்கள். லண்டனிலேயே பழக்கம். நியூயார்க் வந்தபோது அவர்களை ஹார்லெமில் பார்பெக்யூ சாப்பிடக் கூட்டிப்போனதாக ரானி பேட்டிகளில் சந்தோஷமாகச் சொல்லுவார். 1966ல் பீட்டில்ஸ் அமெரிக்காவில் நடத்திய கடைசிச் சுற்றுப்பயணத்தில் ரானெட்ஸும் பாடினார்கள். அதில் ரானி இல்லை. ஸ்பெக்டர் போகவிடவில்லை. அவர் இடத்தில் இன்னொரு உறவுக்காரப் பெண் நின்றார். தன் பெயரில் அமைந்த குழு, உலகத்திலேயே பெரிய மேடை, அதில் அவர் இல்லை.

பாட்டுகள் வெளிவருவதும் குறைந்தது. பதிவு செய்த சில பாட்டுகளை ஸ்பெக்டர் வெளியிடாமலே வைத்துக்கொண்டார். 1966ல் வந்த 'ஐ கேன் ஹியர் மியூசிக்' நூறாம் இடத்தைத் தொட்டுவிட்டுப் போனது. 1967 தொடக்கத்தில், ஜெர்மனிப் பயணத்துக்குப் பிறகு, குழு கலைந்தது. 1968 ஏப்ரலில் திருமணம்.

மாளிகை வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டைச் சுற்றி முள்கம்பி, காவல் நாய்கள். வெளியே போகாமல் இருக்கச் செருப்புகளைப் பறித்து வைத்தார். காரில் தனியாகப் போனால் பக்கத்து இருக்கையில் கணவன் மாதிரி செய்த ஊதுபொம்மை இருக்க வேண்டும். நிலவறையில் கண்ணாடி மூடி போட்ட தங்கநிறச் சவப்பெட்டியைக் காட்டி, ஓடிப்போனால் இதில்தான் கிடப்பாய் என்று மிரட்டியதாக ரானி எழுதியிருக்கிறார். 1972ல் அம்மா வந்து உதவ, வெறுங்காலோடு வெளியேறினார். 1974ல் விவாகரத்து. எதிர்கால வருமானத்தின் மீதான உரிமையை அதில் விட்டுக்கொடுத்தார். ஆள் வைத்துக் கொன்றுவிடுவதாக மிரட்டியதால் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார்.

இது ஒரு குடும்பச் சோகம் மட்டும் என்று எடுத்துக்கொள்ளாதே. 22 வயதிலிருந்து 30 வயது வரை ஒரு பாடகியின் குரல் நன்றாக விளையும் காலம். அந்தக் காலம் முழுவதும் அவர் பாடி வந்தது என்று பார்த்தால் ஒரு கைக்குள் அடங்கிவிடும். 1971ல் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய 'டிரை சம், பை சம்' அதில் ஒன்று. அதுவும் 77ஆம் இடத்தோடு நின்றுவிட்டது.

இசை_மாணவன் எழுதியது:

பதிலுக்கு நன்றி அக்கா. படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. 'பி மை பேபி' எத்தனையோ படத்தில் வருகிறதே, அந்தக் காசாவது அவருக்குப் போனதா?

வழக்குக்கட்டு எழுதியது:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஒப்பந்தச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் படிக்கிற வழக்கு இது.

1963ல் மூன்று பெண்களும் ஃபில்லிஸ் நிறுவனத்தோடு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தொடக்கத்தில் கொடுத்த முன்பணம் மூவருக்கும் சேர்த்துச் சுமார் 15,000 டாலர். அதற்குப் பிறகு ராயல்டி என்று ஒரு காசு வரவில்லை. பாட்டுகள் மட்டும் உலகம் சுற்றிக்கொண்டே இருந்தன. 1987ல் வந்த 'டர்ட்டி டான்சிங்' படம் தொடங்குவதே 'பி மை பேபி'யோடுதான். 1988ல் மூவரும் சேர்ந்து நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள்.

வழக்கு இழுத்தடித்தது. 2000ல் விசாரணை நீதிமன்றம் இவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வட்டியோடு ஏறத்தாழ 30 லட்சம் டாலர். ஸ்பெக்டர் மேல்முறையீடு செய்தார். 2002 அக்டோபரில் மாநிலத்தின் உச்ச அமைப்பான அப்பீல்ஸ் நீதிமன்றம் அதில் பெரும்பகுதியை மாற்றியது.

நீதிமன்றம் பார்த்தது ஒப்பந்தத்தின் வாசகத்தை மட்டும். மூல ஒலிப்பதிவுகளின் முழு உரிமையையும் எந்த வரம்பும் போடாமல் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 1963ல் வீட்டில் போட்டுப் பார்க்கும் வீடியோ நாடா கிடையாது, பாட்டைப் படத்துக்கு விற்கும் வியாபாரமும் பெரிதாக இல்லை. ஆனாலும் உரிமை முழுசாகப் போய்விட்டதால், பின்னால் வந்த புதிய பயன்பாடுகளும் அதிலேயே அடங்கும் என்றது நீதிமன்றம். படத்துக்கும் விளம்பரத்துக்கும் கொடுத்ததற்குப் பாடகிகளுக்குப் பங்கில்லை. தட்டு, நாடா, குறுந்தகடு விற்பனைக்கு ஒப்பந்தத்தில் சொன்ன ராயல்டி உண்டு. அதைக் கணக்குப் போடச் சொல்லி வழக்கைக் கீழே அனுப்பியது. விவாகரத்துப் பத்திரத்தைக் காட்டி ரானிக்குப் பங்கே கிடையாது என்று ஸ்பெக்டர் தரப்பு வாதிட்டது. அது எடுபடவில்லை.

பாடகிகளின் இக்கட்டுக்கு அனுதாபம் இருந்தாலும், எழுதிய வாசகத்தை மாற்றும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்ற நிலைப்பாட்டைத்தான் நீதிபதிகள் எடுத்தார்கள். சட்டப்படி எனக்கு அந்தத் தீர்ப்பில் குறை சொல்லத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டபோது ரானிக்கு 19 வயது, நெட்ராவுக்கு 17 என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

பழைய_ரேடியோ எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி, வழக்குக்கட்டு. இதில் நான் உங்கள் எல்லோரோடும் ஒன்றாக நிற்கிறேன். தயாரிப்பாளரின் திறமைக்குப் பெயர் கொடுக்கலாம். மொத்தக் காசையும் கொடுக்க ஒரு நியாயமும் இல்லை.

வானொலி பற்றியும் ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையம் பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குக் காசு போகும், பாடியவருக்குப் போகாது. அங்கே சட்டமே அப்படி. 'பி மை பேபி' அறுபது வருடமாக ஒலிபரப்பாகிறது. எழுத்தாளர் பட்டியலில் ஸ்பெக்டர் பெயர் இருப்பதால் அவருக்கு அந்த வழியிலும் வந்தது, ரானிக்கு அந்த வழியில் வரவில்லை. இணைய வானொலிக்கு மட்டும் சட்டம் வேறு. 1972க்கு முந்தைய பதிவுகளுக்கு அந்தப் பாதுகாப்பு 2018ல்தான் வந்தது.

நெய்தல் எழுதியது:

பதினான்கு வருடம் வழக்கு. அந்த வருடங்களில் எஸ்டெலுக்கு அந்தப் பணம் நேரத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஒலிநாடா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பேச்சு இவ்வளவு தூரம் வந்ததில் சந்தோஷம். ஆனால் ரானியின் கதையை 1974லேயே நிறுத்திவிட எனக்கு மனமில்லை. அதற்குப் பிறகு 47 வருடம் அவர் பாடினார். அதைப் பற்றித்தான் ஆள் ஆளுக்குக் கடந்துபோகிறார்கள்.

1977ல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ஈ ஸ்டிரீட் பேண்ட் வாசிக்க, ஸ்டீவன் வான் ஸான்ட் தயாரிக்க, 'சே குட்பை டு ஹாலிவுட்' பாடினார். பில்லி ஜோயல் அந்தப் பாட்டை எழுதியதே ரானெட்ஸை மனதில் வைத்துத்தான். வழிபட்டவர் எழுதிய பாட்டை, வழிபடப்பட்டவரே எடுத்துப் பாடினார். பட்டியலில் ஏறவில்லை. எனக்கு அது அவருடைய சிறந்த பதிவுகளில் ஒன்று. முப்பது வயதைத் தாண்டிய குரல், கொஞ்சம் கரகரப்பு ஏறியிருக்கிறது. ஹாலிவுட்டுக்கு விடை சொல்லும் வரியை அவர் பாடும்போது யாரை மனதில் வைத்துப் பாடுகிறார் என்று சொல்லவே வேண்டாம்.

1982ல் ஜோனதன் கிரீன்ஃபீல்டை மணந்தார். இரண்டு மகன்கள். 1986ல் ராக் பாடகர் எட்டி மணி தன் பாட்டில் பாடக் கூப்பிட்டுத் தொலைபேசியில் பேசினார். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், பாத்திரம் கழுவுகிறேன், பிள்ளைகளின் படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும், பாட்டுத் தொழிலை விட்டுவிட்டேன் என்று சொன்னாராம். எட்டி மணி பேட்டியில் சொன்ன செய்தி இது. எப்படியோ வற்புறுத்தி வரவழைத்தார். 'டேக் மீ ஹோம் டுநைட்' நான்காம் இடம் வரை போனது. அதில் ரானி பாடும் பகுதி மிகச் சிறியது. பழைய பாட்டின் ஒரு வரியைத்தான் பாடுகிறார். அந்த ஒரு வரிக்காகத்தான் மொத்தப் பாட்டும் காத்திருக்கிறது.

1999ல் பங்க் பாடகர் ஜோயி ரமோன் இணைந்து தயாரித்த சிறு ஆல்பம் வந்தது. பிரையன் வில்சன் அவருக்காக நினைத்து எழுதிய 'டோன்ட் வொரி பேபி'யை 35 வருடம் கழித்து அதில்தான் பாடினார்.

டிரம்ஸ்_தாசன் எழுதியது:

அந்த 1999 பதிவு பற்றி நான் மாறுபடுகிறேன், ஒலிநாடா. 'டோன்ட் வொரி பேபி' அதில் அவசரமாக ஓடுகிறது, அந்தப் பாட்டுக்கு வேண்டிய ஏக்கம் வாத்தியத்தில் இல்லை. அதே ஆல்பத்தில் ஜானி தண்டர்ஸ் எழுதிய 'யூ கான்ட் புட் யுவர் ஆர்ம்ஸ் அரவுண்ட் எ மெமரி' இருக்கிறதே, அதுதான் மாணிக்கம். வைப்ராட்டோ பழைய வேகத்தில் இல்லை, மெதுவாகியிருக்கிறது. அந்த மெதுவே பாட்டுக்கு வேண்டியதைக் கொடுக்கிறது.

பங்க் இசைக்காரர்கள் இவரை ஏன் இப்படிக் கொண்டாடினார்கள் என்று சிலர் கேட்பார்கள். முரட்டுத் தெருப் பெண் கோலத்தில் வந்து, மூன்று நிமிடத்தில் மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டு இறங்கும் பாட்டு. அவர்களுக்கு வேண்டியது வேறென்ன?

குறிஞ்சி எழுதியது:

ஆங்கிலப் பாடகி ஆமி வைன்ஹவுஸை விட்டுவிட்டீர்களே. அந்தக் கொண்டையும் கண்மையும் நேராக ரானியிடமிருந்து எடுத்தவை, ஆமியே மறைத்ததில்லை. ஆமி 2011ல் இறந்தபோது ரானி 'பேக் டு பிளாக்' பாட்டைப் பாடி வெளியிட்டார். தன்னைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு, அவளுடைய பாட்டையே திரும்பப் பாடி அஞ்சலி செய்தார். கேட்டுப் பாருங்கள். அந்தக் குரலில் ஒரு மூத்த சொந்தக்காரியின் துக்கம் இருக்கிறது.

பழைய_ரேடியோ எழுதியது:

2007 விழாவில் நடந்த ஒன்றையும் பதிந்துவைப்போம். கொலை வழக்கு நடந்துகொண்டிருந்ததால் ஸ்பெக்டர் வரவில்லை. அவர் அனுப்பிய வாழ்த்துக் குறிப்பை பால் ஷாஃபர் மேடையில் வாசித்தார். ரானி தன் ஏற்புரையில் நிறையப் பேருக்கு நன்றி சொன்னார். ஸ்பெக்டரின் பெயரை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. என் வாதத்தை நான் கைவிடவில்லை, தயாரிப்பு முக்கியம்தான். ஆனால் அந்த மேடையில் அவர் செய்தது முழுக்கச் சரி.

இசை_மாணவன் எழுதியது:

நான் எங்கிருந்து கேட்கத் தொடங்கட்டும்? 'பி மை பேபி' தவிர வேறு எதுவும் கேட்டதில்லை.

ஒலிநாடா எழுதியது:

தம்பி, 'வாக்கிங் இன் தி ரெயின்' முதலில் கேள். 1964. பேரி மான், சிந்தியா வைல், ஸ்பெக்டர் எழுதியது. பாட்டில் இடியும் மழையும் வரும், அந்த ஒலிக்காகவே கிராமி பரிந்துரை கிடைத்தது. குரலை ஒரே தடவையில் பாடி முடித்ததாக ரானி எழுதியிருக்கிறார். பல நாள் எடுத்துப் பதிந்த 'பி மை பேபி'யையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால், இந்த இழையில் நடந்த சண்டை உனக்கே விளங்கிவிடும். அப்புறம் 'பேபி, ஐ லவ் யூ', 'டூ ஐ லவ் யூ'. டிசம்பர் வரும்போது 'ஸ்லே ரைட்'. 1963 நவம்பர் 22 அன்று, கென்னடி சுடப்பட்ட அதே நாளில் வெளியாகி, விற்காமல் போன கிறிஸ்துமஸ் ஆல்பத்தில் இருந்தது. இப்போது பண்டிகைக் காலத்தில் பில்போர்டு முதல் பத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது.

டிரம்ஸ்_தாசன் எழுதியது:

அதோடு 1977 பாட்டையும், தண்டர்ஸ் பாட்டையும் சேர்த்துக்கொள்.

பழைய_ரேடியோ எழுதியது:

எதைக் கேட்டாலும் மோனோ பதிவாகத் தேடிக் கேள். 2011ல் வந்த தொகுப்பு சுலபமாகக் கிடைக்கும். ஸ்டீரியோவாகப் பிரித்த பதிவுகளில் வாத்தியங்கள் இரண்டு பக்கமும் சிதறி, ரானி நடுவில் தனியாக நிற்பது போலிருக்கும். இந்தப் பாட்டுகள் ஒற்றை ஸ்பீக்கருக்காகச் செய்தவை. அந்த நெரிசலுக்குள்ளிருந்து குரல் மேலே வருவதை மோனோவில்தான் சரியாகக் கேட்க முடியும். கேட்டுவிட்டு இங்கே வந்து எழுது, யார் பக்கம் நிற்கிறாய் என்று பார்ப்போம்.